மாம்பழமும் மிக்ஸியும் போதும்

நன்றாகப் பழுத்த பங்கனப்பள்ளியைத் தோல் சீவித் துண்டு போட்டு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். மறுநாள் மத்தியானம் எடுத்து மிக்ஸியில் அரையுங்கள். அவ்வளவுதான் செய்முறை. இதற்கு மேல் நான் எழுதப்போவதெல்லாம் சந்தோஷம் தாங்காமல் எழுதுவது.

அடுப்பு வேண்டாம். முட்டை, க்ரீம், கஸ்டர்ட் பவுடர் எதுவும் வேண்டாம். ஐஸ்கிரீம் மிஷின் என்று ஒன்று கடையில் விற்கிறதே, அதைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். சேலத்துக் கத்திரி வெயிலில் சமையல்கட்டுக்குள் நின்றாலே நெற்றி வேர்த்து ஒழுகுகிற பகலில், தீக்குச்சி உரசாமல் ஒரு இனிப்பு! ஜாரைத் திறந்ததும் மாம்பழ வாசம் கூடம் வரைக்கும் போகிறது. கிண்ணத்தில் எடுத்து வைத்தால் இளமஞ்சளாக, வழவழவென்று, ஸ்பூன் தானாக இறங்கும் பதத்தில் நிற்கிறது. வாயில் போட்டால் முதலில் குளிர்ச்சி. அப்புறம் மாம்பழம். அதுவும் கரைந்த பிறகு, தொண்டைக்குள் இன்னொரு தடவை மாம்பழம். இவ்வளவு சுலபமாக இவ்வளவு நல்ல பண்டம் கிடைக்கிறது என்பதை ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும் என்றிருக்கிறது எனக்கு. சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஃப்ரீசரில் இப்போது மாம்பழத் தட்டு இருக்கிறது.

கடையில் வாங்கும் மாம்பழ ஐஸ்கிரீமுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அதில் பால்தான் பெரியவர், மாம்பழம் விருந்தாளி. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி சாதாரண ஐஸ்கிரீமில் பால்கொழுப்பு 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பால்கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தால் அதை ஐஸ்கிரீம் என்று சொல்லாமல் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று டப்பாவில் அச்சிட வேண்டும். அடுத்த தடவை வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இரண்டில் எதுவானாலும் கொழுப்பு நாக்கின் மேல் படர்ந்துவிடுகிறது. மாம்பழத்தில் இருக்கிற அந்த மெல்லிய புளிப்பு, தோலோரத்துப் பிசின் வாசம், கொட்டையை ஒட்டிய சதையின் தனி ருசி எல்லாம் அந்தக் கொழுப்புக்கு அடியில் அமுங்கிப் போகின்றன. நம் கிண்ணத்திலோ பத்தில் ஒன்பது பங்கு பழம். மறைக்க ஒன்றும் இல்லை.

அதனால்தான் பழத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. இந்த விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்கு நிறையவே உண்டு. வைகாசி மாதம் சின்னக்கடை வீதிப் பக்கம் நடந்தால் போதும். மல்கோவா, இமாம் பசந்த், செந்தூரா, குண்டு, நடுசாலை, கிளிமூக்கு, பங்கனப்பள்ளி என்று கூடை கூடையாக வாசம். நான் வழக்கமாக வாங்கும் தள்ளுவண்டிக்காரத் தம்பி பழத்தைக் கையில் உருட்டியே நாள் சொல்லிவிடுவார்.

“அக்கா, இது இன்னிக்கே அறுக்கிற பழம். நாளன்னிக்குன்னா இந்தப் பக்கம் எடுங்க.”

“ஐஸ் போட வேணும் தம்பி. நல்லா கனிஞ்சதா குடுங்க.”

“ஐஸுக்கா? அப்ப இதக் கொண்டு போங்க. தோல் சுருங்குதேன்னு யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க. உள்ள தேனா இருக்கும்.”

அந்தத் தம்பி சொன்னதுதான் இந்தப் பண்டத்தின் முதல் பாடம். தோல் லேசாகச் சுருங்கி, காம்பைச் சுற்றி வாசம் கிளம்பி, விரலால் தொட்டால் சற்றே அமுங்குகிற பழம்தான் வேண்டும். பார்வைக்கு அழகாக, ஒரே மஞ்சளாக, மூக்கில் வைத்தால் ஒன்றுமே தெரியாத பழத்தை எடுக்காதீர்கள். கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. ஆனாலும் அப்படிப்பட்ட பழம் கூடைக்குள் கலந்து வரத்தான் செய்கிறது. கையால் பார்ப்பதைவிட மூக்கால் பார்ப்பது நல்லது. காயாக வாங்கி அரிசிப் பானையிலோ வைக்கோலிலோ வைத்துப் பழுக்க வைப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

எந்த ரகம் என்று கேட்டால் எனக்குத் திட்டமான அபிப்பிராயம் உண்டு. நார் இல்லாமல் சதை கெட்டியாக இருப்பதால் அரைபடும்போது வழவழப்பைத் தருவது பங்கனப்பள்ளி. வாசமும் புளிப்பும் தருவது செந்தூரா. இரண்டு பங்கு பங்கனப்பள்ளிக்கு ஒரு பங்கு செந்தூரா போட்டால், ஆகா! தனித்தனியாக இரண்டுக்கும் இல்லாத ஒரு ருசி வருகிறது. மல்கோவா பிரமாதம். கொட்டை சின்னது, சதை ஏராளம், நார் கிடையாது. இமாம் பசந்தை உறைய வைப்பது பாவம் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். அதை அப்படியே அறுத்துத்தான் சாப்பிட வேண்டும், அதன் மேல் கத்தியைத் தவிர வேறெதுவும் படக் கூடாது என்பது அவர் கட்சி. நான் எதிர்க்கட்சி. இமாம் பசந்தை உறைய வைத்து அரைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம். நார் மாம்பழம் மட்டும் இந்த முறைக்கு ஒத்து வராது. அதைப் பிழிந்து வடிகட்டிக் குச்சி ஐஸ் ஊற்றலாம்.

பழத்தை அறுப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு வைக்கும் வழக்கம் எங்கள் அத்தை கொண்டு வந்தது. சூடு தணியும் என்பார். காம்பிலிருந்து வழிந்து தோலில் காய்ந்திருக்கும் பால் அதில் போய்விடும் என்பது என் கணக்கு. எப்படியோ, விடாமல் செய்கிறோம். பிறகு துடைத்து, தோல் சீவி, முக்கால் அங்குலத் துண்டுகளாக அறுக்க வேண்டும். இரண்டு நடுத்தரப் பங்கனப்பள்ளியில் அரைக்கிலோத் துண்டு தேறும். நாலு பேருக்குத் தாராளம். கொட்டையை அறுத்தவர்தான் சூப்ப வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதை எங்கேயும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

துண்டுகளை டப்பாவில் அள்ளிப் போட்டு மூடி வைத்தால் ஒரே பாளமாக ஒட்டிக்கொள்ளும். அதை உடைக்கப் போனால் மிக்ஸி பிளேடு தாங்காது. எவர்சில்வர் தட்டில், ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். அடியில் பட்டர் பேப்பர் இருந்தால் எடுப்பது சுலபம். உலோகத் தட்டு குளிரைச் சீக்கிரம் கடத்துகிறது. பரப்பி வைத்த துண்டுகள் நாலு பக்கமும் குளிர் பட்டுச் சீக்கிரம் உறைகின்றன. சீக்கிரம் உறைவதுதான் இங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை. மெதுவாக உறைந்தால் பழத்துக்குள் இருக்கும் தண்ணீர் பெரிய பெரிய பனிப் பரல்களாக வளர்ந்து நாக்கில் நறநறக்கும். வேகமாக உறைந்தால் பரல்கள் பொடியாக நின்றுவிடும், நாக்குக்குத் தெரியாது. ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வைத்தால் காலையில் தயார். அதற்கப்புறம் டப்பாவுக்கோ ஜிப் கவருக்கோ மாற்றிக்கொள்ளலாம். காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் மீன் வாசம் மாம்பழத்தில் ஏறிவிடும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அதே ஃப்ரீசரில், அதே குளிரில் வைத்த ஐஸ் கட்டி கடிக்க முடியாமல் இருக்கிறது. மாம்பழத் துண்டோ பல்லுக்கு வழி விடுகிறது. ஏன்? சர்க்கரை! தண்ணீர் 0 டிகிரியில் உறையும். அதில் சர்க்கரை கரைந்திருந்தால் இன்னும் கீழே போனால்தான் உறையும். பழுத்த மாம்பழத்தில் நூறு கிராமுக்குச் சுமார் 14 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஃப்ரீசரில் வைத்ததும் முதலில் தண்ணீரில் ஒரு பங்கு பனியாகிறது. மீதி இருக்கும் சாறு அதனாலேயே இன்னும் தித்திப்பாக, இன்னும் கெட்டியாக ஆகிறது. கெட்டியாக ஆக ஆக அது உறைவதற்கு இன்னும் அதிகக் குளிர் கேட்கிறது. மைனஸ் 18 டிகிரியில்கூடப் பழத்துக்குள் கொஞ்சம் பாகு உறையாமல் பனிப் பரல்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பாகுதான் வழவழப்பு. கடைக்காரர் பவுடரும் பசையும் போட்டுக் கொண்டு வருவதை மாம்பழம் பிறக்கும்போதே தனக்குள் வைத்திருக்கிறது. கனிந்த பழம்தான் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது ருசிக்காக மட்டும் இல்லை. காயில் இருந்த மாவு பழத்தில் சர்க்கரையாகிவிடுகிறது. அதனால் கனிந்த பழம் மென்மையாக உறைகிறது, அரைக்காயோ இறுகி நிற்கிறது.

இனி மிக்ஸி. தமிழ்நாட்டுச் சமையல்கட்டில் இதைவிட நம்பகமான பொருள் எது? தேங்காய்ச் சட்னி, இட்லிப்பொடி, மஞ்சள் என்று எதைப் போட்டாலும் முகம் சுளிக்காமல் அரைக்கிறது. 2011இல் அரசு அறிவித்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்துக்குப் பிறகு கிராமத்துக் குடிசைக்குள்ளும் ஒரு மிக்ஸி வந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பண்டத்தை நான் இவ்வளவு கொண்டாடுகிறேன். வாங்க வேண்டிய சாமான் ஒன்றுமே இல்லை. பழம் மட்டும் வேண்டும்.

சட்னி ஜார் சின்னது, அதைவிட நடு ஜார் நல்லது. ஜாரை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்த்திக்கொள்ளுங்கள். பழத் துண்டுகளை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஐந்தாறு நிமிஷம் வெளியே வைத்து, ஜாரில் பாதிக்கு மேல் போகாமல் போடுங்கள். ஓட விட்டுவிடக் கூடாது. குமிழை இடது பக்கம் திருப்பித் திருப்பி விட்டு விட்டு அடியுங்கள். முதலில் புட்டு மாவு போல உதிரும். இதைப் பார்த்துத்தான் பலரும் சரியாக வரவில்லை என்று தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்! மூடியைத் திறந்து, கரண்டிக் காம்பால் ஓரத்தில் ஒட்டியதை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி அடியுங்கள். உதிரிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டிப்படும். இப்போது கெட்டித் தேங்காய்ப்பாலோ பாலோ மூன்று நாலு மேஜைக்கரண்டி விட்டு, நடு வேகத்தில் ஓட்டுங்கள். சத்தம் மாறும். கடகடவென்று இருந்தது மெல்ல அடங்கி ஒரே சீராக ஓடும். நிறமும் மாறும். அடர்மஞ்சளாகப் போட்ட பழம் வெளுத்து இளமஞ்சளாகிறது. காற்று ஏறுவதற்கு அதுதான் அடையாளம். அந்தக் காற்றுதான் ஐஸ்கிரீமுக்கு லேசான தன்மையைத் தருகிறது. பெரிய தொழிற்சாலையில் மிஷின் செய்யும் வேலையை நம் மிக்ஸி ஒரு நிமிஷத்தில் செய்து முடிக்கிறது.

மிக்ஸி திணறி நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். அடியில் ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கும். பாரம் அதிகமானால் மோட்டாரைக் காப்பாற்ற அது வெளியே தள்ளிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழத்தைக் கொஞ்சம் குறைத்து, சற்று ஆற விட்டு, அதை உள்ளே அழுத்தினால் மறுபடி ஓடும்.

சேர்மானம் என்று பார்த்தால் அரைக்கிலோப் பழத்துக்கு ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு மேஜைக்கரண்டி சர்க்கரைப் பொடியோ கண்டென்ஸ்டு மில்க்கோ. பழம் நன்றாகத் தித்தித்தாலும் கொஞ்சம் இனிப்பு சேர்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் குளிரில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும். ஐஸ்கிரீம் உருகிய பிறகு குடித்துப் பார்த்தால் திகட்டுகிறதே, அதே காரணம். எலுமிச்சை மாம்பழத்தைத் தட்டி எழுப்புகிறது. உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். உப்பு இருப்பதே தெரியக் கூடாது, ஆனால் இல்லாவிட்டால் உடனே தெரியும். ஏலக்காய் போடுபவர்களுக்கு என் வணக்கம். நான் போடுவதில்லை. மாம்பழத்துக்கு வாசம் கடன் வாங்கத் தேவையில்லை.

அரைத்த உடனே சாப்பிடுவதுதான் உச்சம். கெட்டியும் இல்லாமல் தளர்வும் இல்லாமல், ஸ்பூனில் மடிந்து நிற்கும் அந்த முதல் ஐந்து நிமிஷம்! மீந்தால் அகலமான டப்பாவில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வைக்கலாம். மறுநாள் இறுகியிருக்கும். பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் கீழே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி வைத்தால் ஸ்பூன் இறங்கும். முழுக்க உருகிவிட்டால் திரும்ப உறைய வைக்காமல் பாலில் கலந்து குடித்துவிடுங்கள். ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்க மட்டும்தான் வைக்கும்.

எங்கள் அத்தைக்கு ஐஸ் என்றாலே ஆகாது. “மாம்பழம் சூடு, ஐஸு சளி. ரெண்டையும் சேத்து வச்சா என்னாகும்மா?” என்று தள்ளி உட்கார்ந்திருந்தவர்.

“ஒரு வாய் பாருங்க அத்தை. பல்லு கூசாது.”

“பால் ஊத்தலியா?”

“தேங்காப்பால்தான், கொஞ்சம்.”

கிண்ணத்தைக் கையில் வாங்கியவர் பேசவில்லை. வழித்துச் சாப்பிட்டார். பிறகு ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, “நாளைக்கு மல்கோவால போடு” என்றார். இப்போது பழம் உறைந்துவிட்டதா என்று ஃப்ரீசரை முதலில் திறந்து பார்ப்பவர் அவர்தான். சொல்லும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஃப்ரீசர் கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு மெரினாவில் இருக்கும் ஐஸ் ஹவுஸ் ஞாபகம் வரும். ஃபிரெடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி, குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் ஏரிகள் உறைந்ததும் பனியைப் பாளம் பாளமாக வெட்டிக் கப்பலில் ஏற்றினார். 1833இல் அந்தப் பனி நாலு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு கல்கத்தாவில் இறங்கியது. சென்னைக்கு வந்த பனியைப் பத்திரப்படுத்தத்தான் 1842இல் கடற்கரையில் அந்த வட்டக் கட்டடத்தைக் கட்டினார்கள். பிற்பாடு விவேகானந்தர் வந்து தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். உலகத்தின் பாதியைச் சுற்றி வந்த அந்தப் பனி அன்றைக்கு யார் தம்ளருக்குப் போயிருக்கும்? வெள்ளைக்கார துரைமார்களுக்கும் ஒரு சில பணக்காரர்களுக்கும். இன்றைக்கு நம் சமையல்கட்டு மூலையில் ஒரு பெட்டி ராத்திரி முழுக்க நமக்காகப் பனி செய்கிறது. அதில் கொத்தமல்லிக்கட்டும் இட்லி மாவும் மட்டும் வைத்தால் போதுமா?

பரிமாறுவதில் ஒரு யோசனை. மாம்பழ ஐஸின் மேல் நுங்கு. நுங்கை உறைய வைக்கக் கூடாது. உறைந்தால் சதை இறுகி, உள்ளே இருக்கும் தண்ணீர் போய், நுங்கின் உயிரே போய்விடும். தோலுரித்து, ஃப்ரிட்ஜில் வெறுமனே குளிர வைத்து, சின்னச் சின்னத் துண்டாக்கி மேலே போடுங்கள். இன்னொன்று, சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. ஐஸின் மேல் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து ஒரு சிட்டிகை தூவுங்கள். பள்ளிக்கூட வாசலில் கீறி விற்ற மாங்காயும் பழுத்த மாம்பழமும் ஒரே வாயில் வந்து சேர்கின்றன. குழந்தைகள் இதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

மாம்பழத்தில் தொடங்கியவர்கள் அதோடு நிற்க மாட்டார்கள். அடுத்து வாழைப்பழம் இருக்கிறது. பச்சை வாழை என்கிற மோரிஸ் பழம் புள்ளி விழுந்து யாரும் தொடாமல் கிடக்குமே, அதை வட்டமாக நறுக்கி உறைய வைத்து அரையுங்கள். ஒரு சொட்டுப் பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம். வாழைப்பழத்தில் தண்ணீர் குறைவு, சர்க்கரையும் பெக்டினும் அதிகம். அதனால் அரைபட்டதும் காற்றைப் பிடித்துக்கொண்டு கெட்டிப் பாலேட்டின் வழவழப்போடு வந்துவிடுகிறது. கருக்காமல் இருக்க எலுமிச்சை இரண்டு துளி. கொஞ்சம் கோகோ பவுடர் போட்டால் அது சாக்லெட் ஐஸ்கிரீம்தான், குழந்தைகளால் கண்டுபிடிக்க முடியாது. கற்பூரவள்ளியும் நன்றாக வரும், தித்திப்பு இன்னும் கூட.

சப்போட்டாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அவ்வளவு ருசி. நன்றாகக் கனிந்து பால் முழுக்க வற்றிய பழமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உதட்டில் பிசுபிசுக்கும். பலாவில் கெட்டிச் சுளைதான் சரி. தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்து அரைத்தால் பண்ருட்டியே வந்து நிற்கும். ஆரஞ்சுச் சுளையும் மாதுளை முத்தும் இந்த முறைக்கு வேண்டாம்.

தர்பூசணிக்கு வேறு வழி. அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர், சர்க்கரை கொஞ்சம்தான். துண்டாக உறைய வைத்தால் இறுகிவிடும். அதனால் சிசிலித் தீவில் ‘கிரனீட்டா’ என்று செய்கிறார்களே, அந்த முறை. விதை நீக்கிய ஒரு கிலோப் பழத்தை அரைத்து வடிகட்டி, 75லிருந்து 100 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் இஞ்சிச் சாறு, உப்பு கலந்து அகலமான தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். ஓரம் உறையத் தொடங்கியதும் முள்கரண்டியால் சுரண்டிக் கலைத்துவிடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை, நாலைந்து தடவை. கடைசியில் தட்டு நிறையச் சிவப்புப் பனித்தூள் பளபளக்கும். புதினா இரண்டு இலை கிள்ளிப் போட்டு, கண்ணாடித் தம்ளரில் நிறைத்துக் கொடுங்கள். வெயிலில் வந்தவர் கண்ணை மூடிக்கொள்வார். கம்பத்துப் பன்னீர் திராட்சையையும் இப்படியே செய்யலாம். தோலோடு லேசாகக் கொதிக்க விட்டு மசித்து வடிகட்டினால், எந்தச் சாயமும் போடாமல் அந்தக் கருநீலச் சிவப்பு வருகிறது. கண்ணுக்கே குளிர்ச்சி.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. இதைச் சொல்லாமல் முடித்தால் எனக்குத் தூக்கம் வராது. கெட்டியான ஜிப் கவரில் மாம்பழக் கூழ், சர்க்கரை, கொஞ்சம் பால் ஊற்றிக் காற்றில்லாமல் மூடுங்கள். பெரிய கவரில் அரைக்கிலோ ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டு, 150 கிராம் கல் உப்பைக் கொட்டி, சின்னக் கவரை உள்ளே வைத்து இறுக்கக் கட்டி, துண்டைச் சுற்றிப் பிள்ளைகள் கையில் கொடுத்துக் குலுக்கச் சொல்லுங்கள். உப்பு பட்ட ஐஸ் 0 டிகிரியிலும் கீழே இறங்கி, சுற்றியிருக்கும் சூட்டையெல்லாம் உறிஞ்சும். உப்பும் ஐஸும் சேர்ந்தால் மைனஸ் 21 டிகிரி வரைக்கும் போக முடியும். கையால் சுற்றும் மரப்பீப்பாய் ஐஸ்கிரீம் காலத்தில் எல்லோரும் நம்பியிருந்தது இந்த உப்பைத்தான். கால் மணி நேரக் குலுக்கலில் கூழ் கெட்டியாகிவிடும். கோடை விடுமுறையில் வீடு நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது இதைவிட நல்ல மத்தியான வேலை கிடையாது. பாட்டு, கத்தல், முறை வைத்துக் குலுக்கல், கடைசியில் ஆளுக்கு இரண்டு ஸ்பூன். கவரைத் திறப்பதற்கு முன்னால் வெளிப்பக்க உப்புத் தண்ணீரை மட்டும் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

பங்கனப்பள்ளி குறைந்துகொண்டு வருகிறது. ஆனி பிறந்தால் நீலம் வரும். சின்னப் பழம், ஆனால் வாசம் வீடு நிறைக்கும். அதோடு இந்த வருஷத்து மாம்பழம் முடிந்தது. விலை இறங்குகிற அந்தக் கடைசி இரண்டு வாரத்தில் கூடையாக வாங்கித் துண்டு போட்டு, தட்டுத் தட்டாக உறைய வைத்து, கவரில் அடைத்துத் தேதி எழுதி ஃப்ரீசரில் அடுக்கிவிடுங்கள். தீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைக்கு மாம்பழ ஐஸ் வைக்கலாம். ஃப்ரீசரில் இடம் இல்லை என்றால் அந்தப் பழைய பட்டாணிப் பாக்கெட்டை இன்றைக்கே குருமா வைத்துத் தீர்த்துவிடுங்கள்.